சரியக்காவின் வலது கை

லாண்ட்ரியில் அவளைச் சரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சில சமயம் அவளுக்கே மறந்துபோகும். எதைக் கேட்டாலும் 'சரி' என்பாள். வயதும் அக்கா வயது. இரண்டையும் யாரோ ஒருநாள் சேர்த்து ஒட்டிவிட்டார்கள், அது நின்றுவிட்டது.

ஓட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்பும் பெரிய லாண்ட்ரி அது. மூடும் நேரம் பார்த்து முதலாளி வந்து, இன்னும் ஒரே ஒரு மூட்டை இருக்கிறதே என்று இழுப்பார். மற்றவர்கள் காதில் விழாததுபோல் செருப்பைத் தேடுவார்கள். சரியக்கா சரி என்பாள். அவள் சரி என்றுவிட்டால் மற்றவர்களும் மாட்டிய செருப்பைக் கழற்ற வேண்டியதுதான். அதனால் அந்தப் பட்டப்பெயரில் பாசம் பாதி, கடுப்பு பாதி.

வீட்டிலும் அதே கதைதான். கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். தங்கமான மனுஷன். யார் என்ன உதவி கேட்டாலும் இல்லையென்று சொல்ல வராது. 'அதுக்கென்ன, அவ பண்ணிக் குடுப்பா' என்று சொல்ல நன்றாக வரும். முடியவில்லை என்று அவள் முனகுவது மட்டும் அவன் காதில் விழாது. மாமனார் போக்குவரத்துக் காவலிலிருந்து ஓய்வு பெற்றவர். நாற்சந்தியில் நின்று கையாலேயே பேசிப் பழகிவிட்டதால் வீட்டிலும் வாயைத் திறக்கும் தேவை அவருக்கு வந்ததில்லை. ஒரு விரலை உயர்த்தினால் டீ. இரண்டு விரல் என்றால் செய்தித்தாள். உள்ளங்கையைக் காட்டினால் மின்விசிறியைக் குறைக்க வேண்டும். மேல்மாடியில் கணவனின் தங்கை குடியிருந்தாள். சனிக்கிழமை ஆனால் ஒரு பையோடு படியிறங்கி வருவாள். "ரெண்டே ரெண்டு சட்டைதான் அண்ணி, உங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்பாள். பையைத் திறந்தால் ஒரு குடும்பமே கசங்கிக் கிடக்கும்.

விரிப்புகளைத் தேய்க்கும் உருளை இயந்திரத்தில் ஒருநாள் ஒரு விரிப்பின் ஓரம் சுருண்டுகொண்டது. அதை நீவிவிடப் போன வலது கை திரும்பி வரவில்லை. முழங்கைக்குக் கீழே ஒரு சாண்தான் மிச்சம். அந்த நாட்களைப் பற்றி அவள் அதிகம் பேசியதில்லை. அழுதாள், தேறினாள், ஒற்றைக் கையால் தலை வாரக் கற்றுக்கொண்டாள். பொத்தான் போடத்தான் முடியவில்லை. தினமும் காலையில் கணவன் வேன் சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு போட்டுவிடுவான், பாதி நாள் ஒன்று மாற்றி ஒன்று.

லாண்ட்ரிக்குக் காப்பீடு கொடுத்திருந்த நிறுவனம் கடைசியில் ஒரு ரோபோ கைக்கு ஒப்புக்கொண்டது. ஒரு நிபந்தனை இருந்தது. முதல் சில மாதங்கள் சோதனைக் காலம். அதற்குள் அந்தக் கையால் வீட்டிலோ வேலையிடத்திலோ ஆபத்து என்று புகார் வந்தால் திரும்ப வாங்கிக்கொண்டு, அசையாத ரப்பர் கையைக் கொடுத்துவிடுவார்கள்.

கை பொருத்தும் கூடத்தில் இருந்த பெண்ணை எல்லோரும் கைக்காரம்மா என்றார்கள். சரியக்காவைவிடச் சின்னவள்தான். மேசை இழுப்பறையில் திருப்புளிகளுக்கு நடுவிலேயே பிஸ்கட் பொட்டலமும் வைத்திருப்பாள். மிச்சமிருந்த கைத்தண்டில் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று காசளவு சென்சார்களை ஒட்டினாள். கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி வைத்தாள். இல்லாத கையை மூடச் சொன்னாள்.

இல்லாததை எப்படி மூடுவது? சரியக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனாலும் வழக்கம்போல் சரி என்று சொல்லிவிட்டு மூடிப் பார்த்தாள். திரையில் படுத்துக் கிடந்த நீலக் கோடு விருட்டென்று எழுந்து நின்றது. திறப்பதாக நினைத்தாள். இப்போது சிவப்புக் கோடு எழுந்தது.

"பாத்தீங்களா? மூளை இன்னும் சொல்லிட்டேதான் இருக்கு. நரம்பும் அதைக் கொண்டுவந்து தசைகிட்ட குடுத்துட்டேதான் இருக்கு. கடைசியில வாங்கிக்கத்தான் ஆள் இல்லாம இருந்துது," என்றாள் கைக்காரம்மா. பிறகு அந்தக் கறுப்புக் கையை எடுத்து மாட்டினாள். "இதுக்குன்னு சொந்தப் புத்தி எதுவும் கிடையாதும்மா. உள்பக்கம் முறுக்கினா மூடும். வெளிப்பக்கம் முறுக்கினா திறக்கும். ரெண்டும் இல்லாம நீங்க சும்மா இருந்தா, புடிச்சதைப் புடிச்சபடியே இருக்கும். அவ்வளவுதான் விஷயம்."

அவள் இதைச் சொன்னபோது கணவன் வெளியே வேனை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான். அதனால் வீட்டில் வேறு யாருக்கும் இந்த விளக்கம் போய்ச் சேரவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

முதலில் காகிதக் கோப்பைகள் நசுங்கின. மூட நினைத்தால் திறந்தது, திறக்க நினைத்தால் மூடியது. ஒருமுறை பல்துலக்கி பறந்துபோய் குளியலறை ஜன்னலுக்கு வெளியே விழுந்தது. மெல்ல மெல்ல வசப்பட்டது. சொந்தப் பொத்தானை அவளே போட்டுக்கொண்ட அன்று கணவன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, வேலை போய்விட்டது என்று பொய்யாக வருத்தப்பட்டான். லாண்ட்ரியில் மடிக்கும் மேசைக்குத் திரும்பினாள். வாழ்க்கை பழையபடி ஓட ஆரம்பித்தது. ரொம்பவே பழையபடி.

வெயில் கொளுத்திய ஒரு மாலையில் அது நடந்தது. வேலை முடிந்து வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். மாமனார் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விரலை உயர்த்தினார். அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு எரிச்சல் சுருக்கென்று ஓடியது. ஓடிய எரிச்சல் முழங்கையைத் தாண்டிக் கீழேயும் போயிருக்க வேண்டும். அவள் பக்கத்தில் போய் நிற்கவும் ரோபோ கை அந்த விரலைக் கப்பென்று பிடித்துக்கொண்டது.

அவள் பதறிப்போனாள். பதறப் பதறத் தசை இறுகியது, தசை இறுக இறுகக் கை இறுகியது. வாய் திறக்காத மாமனார் வாய் திறந்து, விடும்மா, விடும்மா என்றார். மேல்மாடியிலிருந்து நாத்தனார் ஓடி வந்தாள். கணவன் சோப்பு நுரையை விரலில் தடவிப் பார்த்தான். கடைசியில் மணிக்கட்டில் இருந்த சிறு பொத்தானை அழுத்தி மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் விரல் வெளியே வந்தது, சிவந்துபோய்.

திட்டு விழும் என்று தலையைக் குனிந்து நின்றாள். யாரும் அவளைத் திட்டவில்லை. எல்லோரும் கையைத் திட்டினார்கள். வேர்வையில் உள்ளே ஏதோ கெட்டிருக்கும் என்றான் கணவன். இந்தக் காலத்து மின்சாதனங்களே இப்படித்தான் என்றாள் நாத்தனார். பாவம், நீ என்ன செய்வாய் என்று மாமனாரே ஆறுதல் சொன்னார். அன்றைக்கு டீ போட்டது கணவன். அவளுக்கும் ஒன்று வந்தது.

சமையலறையில் கோப்பைகளைக் கழுவும்போது அவளுக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டுச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு நடந்தவை எதுவும் வேர்வையால் நடந்தவை அல்ல.

அடுத்த நாள் காலையில் மாமனார் இரண்டு விரலை உயர்த்தினார். ரோபோ கை இரண்டையும் சேர்த்தே பிடித்தது, இந்த முறை வலிக்காமல். பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தது. "ஐயோ மாமா, என்னையும் சேத்து இழுக்குதே," என்றாள் சரியக்கா, முகத்தை அழுவதுபோல் வைத்துக்கொண்டு. பள்ளிக்கூடத்துக்குப் போக மறுக்கும் பிள்ளையைப்போல் அவர் பின்னால் போனார். வாசல் மிதியடியில் கிடந்த செய்தித்தாளை அவர் குனிந்து எடுத்த மறுவிநாடி கை விட்டுவிட்டது. அன்றிலிருந்து மாமனார் இரண்டு கைகளையும் அக்குளில் வைத்துக்கொண்டே உட்கார ஆரம்பித்தார். ஏதாவது வேண்டுமென்றால் கேட்டார். அவருக்கு நல்ல குரல் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சனிக்கிழமை நாத்தனார் பையை நீட்டினாள். கை பையை வாங்கவில்லை. நீட்டிய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. சரியக்கா இழுத்துப் பார்த்தாள், உதறிப் பார்த்தாள், சாட்சிக்குக் கணவனையும் கூப்பிட்டுக் காட்டினாள். பொத்தானை அழுத்தலாமே என்றான் அவன். இன்னொரு தடவை அழுத்தினால் பிடி அப்படியே பூட்டிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது என்று அந்த நிமிடத்தில் மனதில் தோன்றியதை அவள் சொன்னாள். இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"போன தடவை வேலை முடிஞ்சப்புறம்தான் விட்டுது," என்றாள் தயக்கத்தோடு. "செய்தித்தாள் எடுத்ததும் விட்டுதில்ல? அந்த மாதிரி ஏதாவது வேலை எதிர்பாக்குதோ என்னமோ."

நாத்தனார் மாட்டிக்கொண்ட கையாலும் மாட்டாத கையாலுமாக இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தாள். பையிலிருந்த அத்தனையையும் தேய்த்தாள். ரோபோ கை அவள் மணிக்கட்டோடு போய் வந்தது. சரியக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காலரை முதலில் தேய்த்தால் சுலபம் என்று இடையிடையே யோசனை சொன்னாள். கடைசிக் கால்சட்டை மடிந்ததும் கை திறந்துகொண்டது. நாத்தனார் அதை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே ஏறிப் போனாள்.

கணவன் தொலைபேசியில் யாருக்கோ, 'அதுக்கென்ன, பத்துப் பேர்னாலும் வரட்டும், அவ பாத்துக்குவா' என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கை குறுக்கே வந்து இணைப்பைத் துண்டித்தது. திரும்ப அழைத்தான். திரும்பத் துண்டித்தது. மூன்றாம் முறை அவன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினான். கை குளியலறை விளக்கை அணைத்தது.

லாண்ட்ரியில் விளைவு இன்னும் பெரிதாக இருந்தது. மூடும் நேரத்தில் முதலாளி கடைசி மூட்டையைப் பற்றி ஆரம்பித்தார். சரியக்கா வாயைத் திறந்து சரி என்றாள். அதே நேரத்தில் கை நீண்டு சுவரிலிருந்த பெரிய சுவிட்சைக் கீழே தள்ளியது. எல்லா இயந்திரங்களும் பெருமூச்சு விட்டு நின்றன. கொதிகலன் மறுபடி சூடேற நேரம் பிடிக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். முதலாளி சுவிட்சையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். அது அவர் உருளையில் போன கைக்குப் பதிலாக வந்த கை. அதை ஏச அவருக்கு வாய் வரவில்லை.

லாண்ட்ரிப் பெண்கள் விவரமானவர்கள். முதலாளி அலுவலக அறையிலிருந்து எழுந்தாலே சரியக்காவைச் சுவிட்சுப் பக்கம் நகர்த்தி நிறுத்தினார்கள். மடிக்கும் மேசையில் அவளுக்கு எதிரே நிற்பவள் ஒருநாள் குனிந்து, "அக்கா, நாளைக்கு எங்க வீட்ல விசேஷம் ஒண்ணு இருக்கு. உங்க கைகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க," என்றாள். சரியக்கா முகத்தில் எதையும் காட்டாமல், கை யார் பேச்சையும் கேட்பதில்லை என்று சொன்னாள். மறுநாள் கேட்டது.

இப்படிச் சில வாரங்கள் போயின. அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது. அதைக் கவனித்த கணவன், இவ்வளவு தொல்லையிலும் எப்படிச் சிரித்த முகமாக இருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்லி உருகினான்.

அந்த உருக்கம்தான் வினையானது. அந்தக் கை ஒருநாள் இவளையே ஏதாவது செய்துவிட்டால் என்ன செய்வது என்று அவனுக்குப் பயம் வந்துவிட்டது. வீட்டில் கூட்டம் கூடியது. யாரோ எங்கிருந்தோ கம்ப்யூட்டர் மூலம் கையை இயக்குகிறார்கள் என்பது நாத்தனாரின் கட்சி. யாரோ உட்கார்ந்து ஏன் உன்னைச் சட்டை தேய்க்க வைக்கவேண்டும் என்று கணவன் கேட்டதும், அவள் பேச்சை அப்பா பக்கம் தள்ளிவிட்டாள். மாமனார் பழைய அதிகாரி தோரணையில் கை பொருத்தும் கூடத்துக்குத் தொலைபேசி போட்டு, கையின் குற்றங்களை ஒவ்வொன்றாக, சிவப்பு விளக்கை மதிக்காத வண்டியின் மேல் வழக்குப் போடுவதுபோல் சொன்னார். உடனே கொண்டு வாருங்கள் என்றார்கள்.

 விளையாட்டு இவ்வளவு தூரம் போகும் என்று சரியக்கா நினைக்கவில்லை. வேண்டாம், இப்போது பரவாயில்லை என்று சொல்லிப் பார்த்தாள். நீ எதையும் பொறுத்துக்கொள்பவள், நாங்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்றார்கள்.

பள்ளிக்கூட வேனில் எல்லோரும் ஏறினார்கள். சாட்சி சொல்ல முதலாளியும் வழியில் ஏறிக்கொண்டார். மாமனார் கைக்கு எட்டாத முன்னிருக்கையில் உட்கார்ந்தார். நாத்தனார் சரியக்காவின் இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். வலப்பக்கம் காலியாகவே வந்தது. கணவன் ஒவ்வொரு வேகத்தடையிலும் கண்ணாடியில் பின்னால் பார்த்து, கை என்ன செய்கிறது என்று கேட்டான். மடியில் இருக்கிறது என்று நாத்தனார் அறிக்கை கொடுத்தாள்.

கைக்காரம்மா கையைக் கழற்றித் திறந்து பார்த்தாள். கம்பிகளைச் சோதித்தாள். மறுபடி மாட்டி, திரையில் கோடுகளை ஓடவிட்டாள். மூடச் சொன்னாள், திறக்கச் சொன்னாள். நீலமும் சிவப்பும் சொன்ன பேச்சு கேட்டன. பிறகு வந்தவர்களை நடந்ததைச் சொல்லச் சொன்னாள். அவர்கள் சொல்லச் சொல்ல அவள் ஒரு பிஸ்கட்டைப் பாதி கடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். சட்டைகளைத் தேய்த்து முடித்ததும் கை தானாகத் திறந்துகொண்ட இடம் வந்தபோது மெல்லத் திரும்பிச் சரியக்காவைப் பார்த்தாள். சரியக்கா கூரையில் இருந்த குழல்விளக்கைப் பார்த்தாள்.

கையில் தனக்குத் தெரிந்து கோளாறு எதுவும் இல்லை என்று கைக்காரம்மா ஜாக்கிரதையாகச் சொன்னாள். கோளாறு இல்லாமலே இப்படியென்றால் அது இன்னும் மோசம் என்றார் மாமனார். சோதனைக் காலம் முடியவில்லை, திரும்ப எடுத்துக்கொண்டு ரப்பர் கையைக் கொடுங்கள் என்றான் கணவன். முதலாளி அதை ஆமோதித்தார், கொஞ்சம் அதிக வேகத்தோடு. விதி அப்படித்தான் இருந்தது. கைக்காரம்மா வேறு வழியில்லாமல் கையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து ரப்பர் கையை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். கடைப் பொம்மையின் கையைப்போல், விரலெல்லாம் ஒட்டிக்கொண்டு, பவுடர் பூசிய நிறத்தில் இருந்தது அது.

சரியக்கா இரண்டையும் பார்த்தாள். இனிப் பொத்தானுக்குக் கணவனைக் கூப்பிட வேண்டும். வெங்காயத்தை முழங்கையால் அழுத்தி நறுக்க வேண்டும். ஒருநாள் கண்ணாடி முன்னால் தனியாக நின்று, கறுப்பு விரல்களை ஒவ்வொன்றாக அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

"கை ஒண்ணும் பண்ணல," என்றாள். "நான்தான் பண்ணேன்."

 முதலாளி உச்சுக்கொட்டினார். பாவம், கையைக் காப்பாற்றப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள் என்றார். "அண்ணிக்கு ஒழுங்கா பொய் சொல்லக்கூட வராது," என்று நாத்தனார் அவள் தோளைத் தடவிக்கொடுத்தாள். இவளாவது, இந்த மாதிரி செய்வதாவது என்று கணவன் சிரித்தான். மாமனார் மட்டும், ஒருவர் குற்றத்தை இன்னொருவர் ஏற்றுக்கொள்வது சட்டப்படி செல்லாது என்று விளக்கினார்.

அப்போதுதான் சரியக்காவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஒரு இயந்திரத்துக்குச் சொந்த விருப்பம் இருக்கும் என்று இவர்களால் நம்ப முடிகிறது. எங்கிருந்தோ யாரோ இயக்குகிறார்கள் என்றுகூட நம்ப முடிகிறது. அவளுக்கு விருப்பம் என்று ஒன்று இருக்கும் என்பதை மட்டும் நம்ப முடியவில்லை.

"அதை மாட்டி விடுங்க," என்றாள் கைக்காரம்மாவிடம். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. கைக்காரம்மா மறுபேச்சில்லாமல் மாட்டினாள். திரையை எல்லோரும் பார்க்கும்படி திருப்பியும் வைத்தாள்.

"இப்ப மாமாவோட மூக்குக் கண்ணாடிய எடுக்கப் போறேன்," என்று அறிவித்தாள் சரியக்கா. நீலக் கோடு எழுந்தது. கறுப்பு விரல்கள் கண்ணாடியை நோகாமல் எடுத்தன. "இத அவர் பொண்ணுக்குப் போட்டுவிடப் போறேன்." போட்டுவிட்டாள். சிவப்புக் கோடு எழுந்து அடங்கியது. "முதலாளி பையில இருக்கற பேனா." வந்தது. "உங்க காது," என்று கணவனைப் பார்த்தாள். அவன் பின்வாங்குவதற்குள் காது கைக்குள் இருந்தது. "இது வலிக்காது. வலிக்கணும்னா இன்னும் கொஞ்சம் முறுக்கணும். முறுக்கட்டுமா?"

வேண்டாம் என்றான் அவன்.

கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மாமனார் விசாரணையைத் தொடங்கினார். "அப்ப அன்னிக்கு என் விரல்?"

"முதல் தடவை தெரியாம நடந்தது மாமா. சத்தியமா." கொஞ்சம் யோசித்துவிட்டு நேர்மையாகச் சொன்னாள். "ரெண்டாவது தடவை தெரிஞ்சேதான்."

"அந்தச் சட்டையெல்லாம்?" என்றாள் நாத்தனார், தன் மூக்கில் அப்பாவின் கண்ணாடி இருப்பதை மறந்து.

"அதுவும்தான். ஆனா நீ நல்லாத்தான் தேய்ச்ச."

கைக்காரம்மா பிஸ்கட் பொட்டலத்தைத் தேடுவதுபோல் இழுப்பறைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. கணவன் காதைத் தடவிக்கொண்டான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அடிபட்ட முகம்.

"வாயால சொல்லியிருக்கலாமே," என்றான்.

"சொன்னேங்க. எத்தனையோ தடவை. முடியலன்னு சொல்வேன், நீங்க அதுக்குள்ள அடுத்த ஆளுக்குப் போன் பண்ணிட்டிருப்பீங்க. கை புடிச்சப்பதான் எல்லாரும் நின்னு என்னைத் திரும்பிப் பாத்தீங்க."

 கைக்காரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, புகார் இன்னும் இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டாள். யாரும் பதில் சொல்லாததால் ரப்பர் கையை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். முதலாளி பேனாவைத் திரும்பக் கேட்கத் தயங்கி, கேட்காமலே போனார்.

வீடு வந்ததும் மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். கணவன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். அவளும் இறங்கவில்லை. ரொம்பக் கஷ்டப்படுத்திவிட்டேனா என்று அவன் கேட்டான். கொஞ்சம் என்றாள். பிறகு, இல்லை, நிறையவே என்று திருத்திச் சொன்னாள். குளியலறையில் இருட்டில் தடுமாறியபோது தன் முழங்கால் வீங்கியது என்று அவனும் சொன்னான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சிரித்தார்கள்.

அதற்காக எல்லாம் ஒரே நாளில் நேராகிவிடவில்லை. மாமனார் சில நாள் முகம் கொடுக்கவில்லை. ரோஷத்தில் தானே டீ போட்டுக் குடித்தார். அது வாயில் வைக்க முடியாததாக இருந்தும் சொட்டு விடாமல் குடித்தார். நாத்தனார் கீழே இறங்குவதையே நிறுத்தினாள். வாரங்கள் கழித்து ஒருநாள் இஸ்திரிப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து, சட்டைக் கையில் இரட்டைக் கோடு விழுகிறதே, ஏன் என்று கேட்டாள். சரியக்கா சொல்லிக்கொடுத்தாள். இருவரும் அன்று வெகுநேரம் பேசினார்கள். பேச்சில் பாதி கணவனைப் பற்றிய குறைகள். அவன் தங்கையிடம் அவளைவிட அதிகமாகவே குறைகள் இருந்தன.

கை என்ற சாக்குப் போய்விட்டதில் அதிகம் வருத்தப்பட்டவர்கள் லாண்ட்ரிப் பெண்கள்தான். முதலாளி இப்போது கையைப் பார்த்து அல்ல, அவள் முகத்தைப் பார்த்து மூட்டையைப் பற்றிக் கேட்டார். முதல் நாள் அவள் மடித்த விரிப்பையே மறுபடி மடித்தாள். எல்லோரும் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தார்கள். நாளைக்குக் காலையில் முதல் வேலையாக முடித்துத் தருகிறோம் என்றாள், மெதுவாக, ஆனால் கேட்கும்படி. முதலாளி சுவிட்சு இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். மறுநாள் அவள் கொஞ்சம் சீக்கிரமே வந்து அந்த மூட்டையைப் பிரித்தாள்.

மழை விட்ட ஒரு மாலையில் காய்கறிக் கடை வரிசையில் நின்றிருந்தாள். ஒரு பெரிய மனிதர் குடையை மடக்கிக்கொண்டே வந்து, சர்வ சாதாரணமாக அவளுக்கு முன்னால் நுழைந்து நின்றார். அவர் சட்டையின் பின்காலர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கறுப்பு விரல்கள் லேசாக மடங்கின. அவள் அவற்றை நிமிர்த்தினாள்.

"நான் முன்னாடியே நிக்கறேங்க," என்றாள். அளவு தெரியாமல் சத்தமாகவே வந்துவிட்டது. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெரிய மனிதர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு பின்னால் போனார்.

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பின்னால் நின்ற வயதான பெண், கறுப்புக் கையை எட்டிப் பார்த்துவிட்டு, இதை இயக்குவது ரொம்பக் கஷ்டமா என்று கேட்டாள்.

"கை சுலபம்தாங்க. வாய்தான் இப்பத்தான் பழகிட்டிருக்கேன்."

அந்தப் பெண்ணுக்கு அது விளங்கவில்லை. விளங்கியதுபோல் தலையாட்டிவிட்டு, கத்தரிக்காய் இன்றைக்கு எப்படி, பிஞ்சாக இருக்கிறதா, கொஞ்சம் பார்த்துச் சொல் என்றாள். சரியக்கா ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்து, கடைக்காரருக்கும் கேட்கும்படி முற்றல் என்று சொன்னாள்.